ஹேங் கிளைடிங்கோட குடும்பப் பயணம்: ஓகஸ்ட் லீவுக்கு எந்த மலை?

கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருசம் ஓகஸ்ட் லீவில குடும்பமா ஒரு பயணம் போக யோசிக்கிறம். மகன் ஹேங் கிளைடிங் இல்லாட்டி வரமாட்டன் எண்டு நிக்கிறார். போறது அஞ்சு பேர். நான் 96 கிலோ, மனைவி 61, மகன் 15 வயது 54 கிலோ, மகள் 9 வயது 26 கிலோ, அம்மாவுக்கு 68 வயது, பிறசருக்குக் குளிசை எடுக்கிறா.

மூண்டு இடம் யோசனையில கிடக்கு. ஒண்டு, நம்ம மலைநாடு. மட்டக்களப்பில இருந்து வான் பிடிச்சு பதுளைப் பக்கம் ஏறுறது. ரெண்டு, நேபாளத்தில பொக்கரா. மூண்டு, மனைவியின்ட அண்ணன் சுவிஸில பேர்ண்ல இருக்கிறார், அங்க தங்கி இன்டர்லாக்கன் போறது. காசு விசயம் தெரியும், அது என்ட பாடு. எனக்குத் தெரிய வேண்டியது: எந்த இடத்தில எந்த மாசம் சரி வரும், ஆர் ஆர் பறக்கலாம், எத்தனை நாள் ஒதுக்க வேணும், விசா, இன்சூரன்ஸ் எப்பிடி. "அனுபவம் மறக்கேலாது" எண்ட மாதிரிப் பதில் வேண்டாம், விவரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


உன்னிச்சை எழுதியது:

மகன் கேட்கிறதும் நீங்கள் போட்ட பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஹேங் கிளைடிங் வேறு, பாராகிளைடிங் வேறு. ஹேங் கிளைடர் என்றால் அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் துணியை இறுக்கி இழுத்த முக்கோண இறக்கை. விரித்தால் 10 மீட்டர் அளவு அகலம். அதன் அடியில் குப்புறப் படுத்த மாதிரித் தொங்கி, முன்னால் இருக்கிற முக்கோணக் கம்பியைத் தள்ளி, இழுத்து, உடம்பைப் பக்கவாட்டில் நகர்த்தித்தான் ஓட்டுவது. பாராகிளைடரில் சட்டம் கிடையாது. காற்று நிரம்பிய துணி, கீழே நூல்கள், கதிரையில் இருக்கிற மாதிரி ஒரு ஹார்னஸ், அதாவது உடம்பைப் பட்டிகளால் பூட்டுகிற கட்டு.

பாராகிளைடரை மடித்தால் முதுகுப் பைக்குள் போய்விடும். இரண்டு பேர் ஏறுகிற ஹேங் கிளைடரோ மடித்தாலும் ஐந்தாறு மீட்டர் நீளப் பொதி, 30 கிலோவுக்கு மேல் பாரம், வாகனக் கூரையில் கட்டித்தான் மலைக்கு ஏற்ற வேண்டும். சட்டம் பூட்ட நேரம் வேண்டும், ஓடி ஏறச் சரியான சரிவு வேண்டும், இறங்க நீளமான புல்வெளி வேண்டும். இவ்வளவு கரைச்சல் இருப்பதால் ஆசியாவில் சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாராகிளைடிங். பொக்கராவில் ஏரிக்கு மேல் பறக்கிற படங்கள் எல்லாம் அதுதான். மலைநாட்டில் இருவர் பறப்பு (விமானியோடு பயணியும் சேர்ந்து பறப்பது) என்று விளம்பரம் வருவதும் அதுதான். ஹேங் கிளைடிங்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றால், உங்கள் பட்டியலில் மிஞ்சுவது இன்டர்லாக்கன் மட்டும். முதலில் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டி, அவர் எதைக் கேட்கிறார் என்று உறுதிப்படுத்துங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்தது மாதம். இடத்தைத் தெரிவு செய்வது நீங்கள் அல்ல, பள்ளிக்கூட லீவு. ஓகஸ்ட் என்றால் இமயமலைப் பக்கத்தை அப்படியே வெட்டிவிடுங்கள். நேபாளத்தில் ஜூன் தொடக்கம் செப்டெம்பர் நடுப்பகுதி வரை பருவமழை. இந்தியாவில் பெயர் போன பீர் பில்லிங்கில் ஜூலை 15 முதல் செப்டெம்பர் 15 வரை பறப்பே தடை.

நம்ம மலைநாடு ஓகஸ்ட்டில் எப்படி என்றால், நுவரெலியா, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று, மழை, முகில். மலைக்கு இந்தப் பக்கம், பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயில் நல்லாய் எறிக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதே காற்றுத்தான் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் விழுகிறது. வறண்ட காற்று 100 மீட்டர் இறங்க ஒரு பாகை அளவு சூடாகும். அப்படிச் சூடாகிக் கீழே வந்து நமக்கு மட்டக்களப்பில் படுகிறதுதான் கச்சான் காற்று. தரையில் நமக்குப் புழுதியும் வெக்கையும். மலையின் பின்பக்கத்தில் பறக்கிறவனுக்கு அது சுழல் காற்று. மலைக்குப் பின்னால் காற்று உருண்டு புரளும் இடத்தில் பாராகிளைடரின் துணி ஒரு பக்கம் மடியும். ஆகவே ஓகஸ்ட்டில் எல்ல, பண்டாரவளை போய் ரயில் பாருங்கள், அருவி பாருங்கள்; பறப்பை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். பெப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் பாராகிளைடிங் விசாரிக்கலாம். விசாரித்தால் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.


பாண்டிருப்பு எழுதியது:

உன்னிச்சை அண்ணன் ஓகஸ்ட்டைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் லீவை டிசெம்பருக்கு மாற்ற ஏலுமெண்டால் பொக்கராவை விடக்கூடாது. சார்க் நாட்டுக்காரருக்கு நேபாளத்தில் வருசத்துக்கு ஒருமுறை 30 நாள் விசா இலவசம், இறங்கின இடத்திலேயே அடிப்பார்கள். அஞ்சு பேருக்குச் சுவிஸ் விசா எடுக்கிற பாட்டை நினைச்சால் இது எவ்வளவோ நிம்மதி.

பறக்கத் தொடங்குவது சாரங்கோட் மேட்டில், 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இறங்குவது பேவா ஏரிப் பக்கம், 800 மீட்டர் அளவு. டிசெம்பரில் வானம் தெளிவு, 6,993 மீட்டர் மச்சாபுச்சரே நேரே முன்னால நிக்கும். (அந்தச் சிகரம் புனிதமெண்டு ஏற விடுறதில்லை.) காலையில் பள்ளத்தாக்கில மூடுபனி கிடக்கும், அது கலைய 10 மணியாகும், அதனால அதிகாலைப் பறப்பெண்டு ஆராவது காசு கேட்டால் கேள்வி கேளுங்கோ. ஏப்ரல் லீவிலயும் பறக்கலாம், ஆனால் புகையும் தூசியும் மலையை மறைக்கும், வெக்கைக் காற்று மேல தூக்கிப் போடுறதும் கூட.

காத்மண்டுவில இருந்து பொக்கரா 200 கிலோமீட்டர்தான், ஆனால் ரோட்டில ஒரு நாள் போயிடும். அம்மாவைக் கூட்டிப் போறதெண்டால் உள்ளூர் விமானம், அரை மணித்தியாலம். உள்ளூர் விமானம் மூடுபனியால பிந்தும், அண்டைக்கே வெளிநாட்டு விமானத்துக்குத் தொடுக்க வேண்டாம். ஊர் உயரமும் பிரச்சினை இல்லை, மூச்சு வாங்காது.


பேர்ண் ஆரையம்பதி எழுதியது:

சுவிஸ் என்று முடிவெடுத்தால் பறப்பை விட விசாதான் பெரிய வேலை, அதைச் சொல்கிறேன்.

எடுக்க வேண்டியது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகியகால விசா. பயணத் திகதிக்கு 6 மாதத்துக்கு முந்தி விண்ணப்பிக்க முடியாது, 15 நாளுக்குப் பிந்தியும் முடியாது. ஓகஸ்ட் முதல் வாரம் பயணம் என்றால் பெப்ரவரியிலேயே கதவு திறந்துவிடும். கோடை நெருங்க நெருங்கக் கொழும்பில் திகதி கிடைப்பது கஷ்டம், ஆகவே மார்ச்சில் கொடுத்துவிடுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் 45 யூரோ. மகன் 15 என்பதால் பெரியவர் கணக்கு. ஆக 4 பேருக்கு 360, மகளுக்கு 45, மொத்தம் 405 யூரோ, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. விசா மறுத்தால் அந்தக் காசு திரும்பாது. கைரேகை 12 வயதுக்கு மேல் எல்லாருக்கும், அம்மாவும் நேரே போக வேண்டும்.

பாஸ்போட் திரும்பி வருகிற நாளிலிருந்து இன்னும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக வேண்டும். பெரியவர்கள் இதைப் பார்ப்பார்கள், பிள்ளைகளின் பாஸ்போட்டைப் பார்க்க மறந்துவிடுவார்கள். மூன்று வருசப் பாஸ்போட் எடுத்திருந்தால் திகதியை இன்றைக்கே பாருங்கள்.

மச்சான் அனுப்ப வேண்டியது அழைப்புக் கடிதம், அவருடைய வதிவிட அனுமதிப் பிரதி, வீட்டு விலாசம். தூதரகம் கேட்டால் பொறுப்பேற்புப் பத்திரமும் கொடுக்க வேண்டிவரும். அதன் தொகை 30,000 பிராங். ஆளுக்கு 30,000 என்று நினைத்து இங்கே பலர் பின்வாங்குகிறார்கள். அப்படி இல்லை, சேர்ந்து வருகிற குடும்பம் 10 பேர் வரைக்கும் ஒரே 30,000தான். காசைக் கட்டி வைப்பதும் இல்லை, ஏதும் செலவு வந்தால் பொறுப்பேற்கிறேன் என்ற கையெழுத்து. ஆனால் அவர் உள்ளூர் அலுவலகத்தில் சம்பளத் துண்டு காட்ட வேண்டும், அதற்கு நாள் எடுக்கும்.

விண்ணப்பம் தோற்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: திரும்பிப் போவார்கள் என்பதற்கு ஆதாரம் போதாது. வேலைத்தலக் கடிதத்தில் லீவுத் திகதியோடு, எந்தத் திகதி வேலைக்குத் திரும்புவார் என்ற வரியும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கடிதம். காணி உறுதி, வியாபாரப் பதிவு இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு. வங்கிக் கணக்கில் கடைசி வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது உதவாது, சந்தேகம்தான் கூடும். பயணத் திட்டத்தில் "ஹேங் கிளைடிங், இன்டர்லாக்கன்" என்று எழுதலாம், அதில் பிழை இல்லை. ஆனால் பறப்புக்கு முழுக் காசு கட்டிப் பற்றுச்சீட்டு வைக்க வேண்டிய அவசியம் கிடையாது.

இன்சூரன்ஸ். விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு. கொழும்பில் விற்கிற மலிவான பொலிசி அதற்குப் போதும். பறப்புக்குப் போதாது. விலக்குப் பட்டியலில் வான் விளையாட்டுகள் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். முகவரிடம் வாய்ப் பேச்சாகக் கேட்க வேண்டாம், ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: "உரிமம் பெற்ற விமானியோடு பயணியாக இருவர் ஹேங் கிளைடரில் பறந்து காயப்பட்டால், ஹெலிகொப்டர் மீட்பு உட்படச் செலவு தருவீர்களா?" ஓம் என்ற பதில் எழுத்தில் வராவிட்டால், அதைச் சேர்க்கிற பொலிசிக்கு மேலதிகமாகக் கட்டுங்கள். விமானியிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது அவருடைய பொறுப்புக் காப்பு. இறங்கும்போது உங்கள் கணுக்கால் பிரண்டால் அது தானாக வந்து ஆஸ்பத்திரிக் காசு கட்டாது.

ரயில் பற்றி ஒன்று. பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் ஒஸ்ட் ரயில் நிலையம் ஒரு மணித்தியாலத்துக்குள். சுவிஸ் ட்ரவல் பாஸ் எடுத்தால் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம், தாயோ தகப்பனோ கூட இருக்க வேண்டும். மகன் பயணத்துக்குள் 16 ஆகிவிடுவாரா என்று பாருங்கள்.


கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. லீவை மாத்தேலாது, ஆகவே சுவிஸ்தான். மகனிட்ட ரெண்டு வீடியோவும் காட்டினன், "படுத்துப் பறக்கிறதுதான் வேணும்" எண்டுட்டார். இனி ரெண்டு கேள்வி. நான் 96 கிலோ, என்னை ஏத்துவாங்களா? மகளை என்ன செய்யிறது?


உன்னிச்சை எழுதியது:

மகனுக்குப் பிரச்சினை இல்லை. 54 கிலோ, ஓடத் தெரிந்த வயது, விமானிகள் விரும்புகிற எடை. பெற்றோர் கையெழுத்து மட்டும் வேண்டும்.

உங்களுக்குக் கஷ்டம். கம்பனிக்குக் கம்பனி எல்லை மாறும், ஆனால் ஹேங் கிளைடரில் 90, 100 கிலோவுக்கு இடையில் எங்கோ கோடு கீறிவிடுவார்கள். சப்பாத்து, ஜக்கெட்டோடு நீங்கள் 99 வருவீர்கள். பாரம் 10 வீதம் கூடினால் இறக்கை தூக்குவதற்கு வேண்டிய வேகம் 5 வீதம் கூடும். பறக்கத் தொடங்குகிற இடம் பேயாட்டன்பேர்க் பக்கம், 1,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட 12 வீதம் அளவு குறைவு, அதற்கும் ஒரு 6, 7 வீதம் வேகம் வேண்டும். இதெல்லாம் கால்களால் ஓடி எடுக்கிற வேகம். எதிர்க்காற்று நல்லாய் வீசினால் சமாளிக்கலாம், காற்றில்லாத சூடான காலையில் முடியாது. பதிவு செய்யும்போது 90 என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மேலே தராசு வைத்திருப்பார்கள், காசும் போய் நாளும் போகும். நீங்கள் பாராகிளைடர் எடுங்கள். இருவர் பாராகிளைடர் மொத்தமாக 200 கிலோவைத் தாண்டியும் சுமக்கும், அதே ஊரிலேயே இருக்கிறது, விலையும் ஹேங் கிளைடிங்கை விடக் குறைவு.

மகளுக்கு நேர்மாறான பிரச்சினை. 26 கிலோ என்றால் இறக்கைக்குப் பாரம் போதாது. பாரம் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சின்னச் சுழல் காற்றும் இறக்கையை ஆட்டும். ஹேங் கிளைடிங் வேண்டாம். பாராகிளைடரில் பிள்ளைகளை ஏற்றுவார்கள், ஆனால் சிறிய அளவு இருவர் இறக்கை, பிள்ளைக்கு அளவான ஹார்னஸ், அன்றைய நாளின் முதல் பறப்பு நேரம், இந்த மூன்றும் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஹார்னஸ் பெரிதாக இருந்தால் தோள் பட்டி நழுவும், அதை முடிச்சுப் போட்டுச் சமாளிக்கிற இடத்தில் ஏற்றவே கூடாது. மகள் பயந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அழுகிற பிள்ளை ஓடாது.

அம்மா பறக்கக் கூடாது. பிறசர் ஒருபக்கம், 68 வயதில் முழங்காலும் முதுகெலும்பும் இறங்குகிற அதிர்ச்சிக்குச் சரிவராது. அவவை இன்டர்லாக்கன் நடுவில் இருக்கிற ஹோஎமாட்ட என்ற புல்வெளியில் வாங்கில் இருத்துங்கள். பாராகிளைடர்கள் அதில்தான் இறங்கும், பேத்தி வந்து இறங்குவதைப் பார்க்கலாம். ஹேங் கிளைடர் வேறு வெளியில் இறங்கும், அந்த இடத்தை விமானியிடம் கேட்டு வையுங்கள். 3,454 மீட்டர் உயர யுங்பிரௌயொக் மலைக் கணவாய்க்கு அம்மாவைக் கொண்டுபோவதற்கு முன் டொக்டரிடம் கேளுங்கள். ஹார்டர் குல்ம் என்ற மேடு 1,322 மீட்டர்தான், கம்பி ரயிலில் 10 நிமிடம், அது போதும்.


ஒலுவில் கடற்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நாங்களும் இதையே யோசிக்கிறம், உடுப்பைப் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல. அபாயாவோட ஏலுமா? சல்வார்? உம்மாவும் ராத்தாவும் அதைத்தான் கேக்காங்க.


பேர்ண் ஆரையம்பதி எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். அபாயாவோடு ஏலாது, சாறியோடும் ஏலாது. ஹார்னஸின் இரண்டு பட்டி தொடைகளுக்கு நடுவால் வந்து இடுப்பில் பூட்டும். நீளமான துணி அதற்குள் சுருண்டால் பட்டி இறுகாது, ஓடும்போதும் கால் தடக்கும். தளர்வான களிசான், அதற்கு மேல் முழங்கால் வரைக்கும் நீண்ட சட்டை போடுங்கள், பக்கத்தில் வெட்டு இருந்தால் நல்லது. தலையை மூடுகிறவர்கள் துணியில் தைத்த, ஊசி இல்லாத ஹிஜாப்பைக் கட்டி நுனிகளைச் சட்டைக்குள் விட்டு, அதற்கு மேல் ஹெல்மட். குண்டூசி வேண்டவே வேண்டாம், ஹெல்மட் அமுக்கும்போது குத்தும். சல்வார் சரி, துப்பட்டாவைக் கழற்றிவிட்டு. பெண் விமானி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள், எல்லா இடத்திலும் இருக்கமாட்டார்கள்.

தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு, தோள் பட்டி அதன் மேல் ஏறாமல் பாருங்கள். வளையல், மோதிரம், தொங்கட்டான் எல்லாம் கீழே இருக்கிறவரிடம். கண்ணாடிக்குப் பின்பக்கம் நாடா. கணுக்காலை மூடுகிற, அடி வழுக்காத சப்பாத்து. செருப்போடு போனால் திருப்பி அனுப்புவார்கள். ஓகஸ்ட் என்றாலும் ஜக்கெட் வேண்டும். 1,000 மீட்டர் ஏற ஆறரைப் பாகை அளவு குளிரும், அதோடு முகத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று.


உன்னிச்சை எழுதியது:

பறக்கிற நாள் என்ன நடக்கும், எங்கே பிழைக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன், மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நாளைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். இறங்கிய மறுநாள் வேண்டாம், நித்திரைக் கணக்கு மாறியிருக்கும். மூன்றாம் நாள் காலை சரி. அதற்குப் பின்னால் இரண்டு நாளை வெறுமையாக விடுங்கள். பறப்பைக் கடைசி நாளில் வைத்த குடும்பம் மழை வந்தால் ஏமாந்துதான் திரும்பும். காலநிலையால் விமானி நிறுத்தினால் முழுக்காசும் திரும்ப வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள். மேலே போய்ப் பயந்து மறுத்தால் பெரும்பாலும் காசு வராது, அது நியாயம்தான்.

ஓகஸ்ட்டில் பின்னேரம் இடிமழை வழமை. மதியம் தரை சூடாகி வெக்கைக் காற்றுத் தூக்கித் தூக்கிப் போடும், வயிறு குமட்டுவது அப்போதுதான். முதல் முறைக்குக் காலை 9, 10 மணி. இன்னொரு காற்று இருக்கிறது, தெற்கிலிருந்து அல்ப்ஸைத் தாண்டி விழுகிற ஃபோன். நம்ம கச்சானின் அதே பிறப்பு, அதே வறட்சி; அங்கே பள்ளத்தாக்கு ஒடுக்கம் என்பதால் குழாயில் வருவது மாதிரி வேகம் எடுக்கும். கோடையில் குறைவு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட. அல்ப்ஸுக்குத் தெற்கே இருக்கிற லுகானோவுக்கும் வடக்கே இருக்கிற சூரிச்சுக்கும் காற்றழுத்த வித்தியாசம் 4 ஹெக்டோபாஸ்கல் தாண்டினால் சுவிஸ் விமானிகள் இறக்கையை விரிக்கமாட்டார்கள். வானம் நீலமாக, வெயிலாக இருக்க "இன்றைக்கு இல்லை" என்றால் காரணம் இதாக இருக்கும். வாதாட வேண்டாம்.

சாப்பாடு இரண்டு மணித்தியாலம் முந்தி, பாணும் வாழைப்பழமும் அளவாக. வெறும் வயிறும் குமட்டும், மச்சான் வீட்டில் புட்டும் இறைச்சியும் முட்டச் சாப்பிட்டாலும் குமட்டும்.

மேலே போனதும் ஹார்னஸ் போட்டு, சமதரையில் இரண்டு மூன்று முறை சேர்ந்து ஓடிப் பழக்குவார்கள். மகனின் ஒரு கை விமானியின் தோளில் அல்லது ஹார்னஸ் பட்டியில் இருக்கும். இறக்கையின் கம்பியில் கை போகக் கூடாது. பயத்தில் அதைப் பிடித்து இழுத்தால் இறக்கை அந்தப் பக்கம் சரியும்.

பிறகு வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், தொங்கிப் பார்க்கிற சோதனை. ஹார்னஸை இறக்கையின் நடுவிலிருந்து வருகிற பட்டியில் கரபினர் என்ற பூட்டுக் கொழுக்கியால் கொழுவுவார்கள். பிரதான பட்டி ஒன்று, அது அறுந்தால் தாங்க இன்னொன்று. கொழுவியபின் ஒருவர் இறக்கையின் மூக்கைப் பிடிக்க, பயணி முழுப் பாரத்தையும் விட்டுத் தொங்க வேண்டும், விமானியும் தொங்க வேண்டும். கரபினர் பூட்டியிருக்கிறதா, இரண்டு தொடைப்பட்டியும் பூட்டியிருக்கிறதா, கீழ்க் கம்பிக்கும் நெஞ்சுக்கும் இடைவெளி இருக்கிறதா, பட்டி எங்காவது முறுகியிருக்கிறதா, எல்லாம் அந்த அரை நிமிடத்தில் தெரியும்.

2018 ஒக்டோபரில் சுவிஸிலேயே ஒரு விமானி பயணியைக் கொழுவ மறந்துவிட்டு ஓடித் தூக்கிவிட்டார். அந்தப் பயணி ஒரு கையால் கம்பியையும் மறுகையால் விமானியையும் பிடித்தபடி 2 நிமிடம் 14 செக்கன் தொங்கினார். இறங்கும்போது மணிக்கட்டு முறிந்தது, புயத்துத் தசைநார் கிழிந்தது, உயிர் தப்பியது. இறக்கையில் பழுதில்லை, காற்றில் பழுதில்லை, தொங்கிப் பார்க்காததுதான் பழுது. இது பெரும்பாலும் நடப்பது இடையில் குழப்பம் வரும்போது: கொழுவிய பின் கமராவைச் சரி செய்யக் கழற்றுவார்கள், காற்று மாறிக் காத்திருக்கக் கழற்றுவார்கள், பிறகு அவசரமாக ஓடுவார்கள். ஆகவே கழற்றினால் சோதனையும் முதலிலிருந்து. மகன் ஓடுவதற்கு முன் தானே தலையைத் திருப்பிக் கரபினரைப் பார்த்து, விமானியிடம் வாய் திறந்து கேட்கட்டும். நல்ல விமானி கோபிக்கமாட்டார்.

ஓடுவது. முதல் நாலடி நடை மாதிரி, பிறகு வேகம் கூட்டி, கால் நிலத்தை விட்ட பிறகும் ஓடிக்கொண்டே. பயணிகள் செய்கிற பிழை இரண்டு. இறக்கை தூக்குகிற மாதிரி உணர்ந்ததும் குதிப்பது ஒன்று. குதித்தால் பாரம் திரும்ப விழுந்து இறக்கை அமுங்கும். மற்றது ஓட்டத்தை நிறுத்திக் காலை மடிப்பது; அப்போது 54 கிலோவையும் விமானி ஒருவர் இழுத்து ஓட வேண்டும், வேகம் போதாமல் மூக்கு நிலத்தில் குத்தும். பின்பக்கக் காற்று கொஞ்சம் வீசினாலும் ஓடக் கூடாது. காற்றுமானி நாடாவை மகனையே பார்க்கச் சொல்லுங்கள்.

உயர வித்தியாசம் 800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அமைதியான காற்றில் செக்கனுக்கு ஒரு மீட்டர் அளவு இறங்கும், ஆக 12, 13 நிமிடம். 30 நிமிடம் என்று எழுதியிருந்தால் அதில் மலைக்கு ஏறுகிற வாகனப் பயணமும் உடுப்புப் போடுவதும் சேர்த்தி. இறங்கும்போது சில விமானிகள் நிமிர்ந்து ஓடி நிற்பார்கள், சிலர் கம்பியில் பூட்டிய சில்லில் புல்லில் உருட்டி நிறுத்துவார்கள். சில்லில் இறங்கினால் காலைப் பின்னால் நீட்டி வைத்திருக்க வேண்டும், கையை நிலத்தில் ஊன்றக் கூடாது. எது என்று மேலேயே கேட்டு வையுங்கள், கீழே வரும்போது கேட்க நேரமிராது.

கைபேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். படம் வேண்டுமென்றால் இறக்கையில் பூட்டிய கமராவுக்குத் தனிக்காசு.


பாண்டிருப்பு எழுதியது:

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். மட்டக்களப்பில இருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் 300 கிலோமீட்டர். விமானம் விடியவெண்டு இரவோட இரவா வான் பிடிச்சு வெளிக்கிட வேண்டாம், வெலிக்கந்தைக்கும் ஹபரணைக்கும் இடையில இரவில ரோட்டில யானை நிக்கும். பகலில போய் நீர்கொழும்பில ஒரு இரவு தங்கினால் அம்மாவுக்கும் நல்லது.


கல்லடிப்பாலம் எழுதியது:

சரி. பிள்ளைகளின்ட பாஸ்போட்டை எடுத்துப் பாத்தன், மகள்ட ஜூனோட முடியுது. அதைத்தான் முதல் புதுப்பிக்கப் போறன். மச்சானுக்கு 30,000 விசயம் அனுப்பியாச்சு. மனைவி ஹேங் கிளைடிங், மகன் ஹேங் கிளைடிங், நானும் மகளும் பாராகிளைடிங் எண்டு விலை கேட்டு எழுதுறன். மகள்ட ஹார்னஸ் அளவை என்னெண்டு கேட்கிறது, உயரமா, எடையா?


உன்னிச்சை எழுதியது:

இரண்டும் எழுதுங்கள். எடை இறக்கைக்கு, உயரம் ஹார்னஸுக்கு. அதோடு பயணத்துக்கு முதல் வாரம் திரும்ப நிறுத்துப் பார்த்து அனுப்புங்கள், 9 வயதுப் பிள்ளை பத்து மாதத்தில் இரண்டு மூன்று கிலோ கூடியிருக்கும்.